கவிழ்த்து வைத்த கட்டுகள்

மெய்ப்பு பார்க்கும் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு உதவியாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கம்பெனியிலிருந்து கேட்டார்கள். எழுத்துப் பிழையைப் பிடிப்பது எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. பாதியைக் கம்ப்யூட்டரே பிடித்துவிடுகிறது, மீதியை உங்கள் இளங்கண் பிடித்துக்கொள்ளும். நான் எழுதுவது நானே போட்ட ஒரு பிழையைப் பற்றி.

முப்பத்தோரு வருடம் விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு பஸ்ஸில் வந்துபோய் வேலை பார்த்தவள் நான். எத்தனையோ பிழை விட்டிருக்கிறேன். காலண்டரில் பௌர்ணமியை ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ போட்டு, அந்த மனிதரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் மேசைக்கு முன் வந்து நின்றிருக்கிறார். அதையெல்லாம் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கலாம். இதை யாரிடமும் சொல்லிச் சிரிக்க முடிந்ததில்லை.

பின்விளைவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அச்சடித்த வினாத்தாள் மொத்தமும் துண்டாக்கப்பட்டது. வேறொரு வினாத்தாள் அச்சானது. எனக்கு மெமோ வந்தது, ஒரு வருடம் என்னை காலண்டர் பிரிவில் உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான். நான் சொல்ல வந்த விஷயம் அதில் இல்லை.

அந்த ஆர்டர் ஆட்சிமொழித் தேர்வுக்கான வினாத்தாள். அரசு அலுவலர்களுக்குத் தமிழில் கோப்பு எழுத வருகிறதா என்று பார்க்கிற தேர்வு. ரகசிய வேலை என்பதால், எப்போதும்போல் ஆறு நாள் உள்ளேயே அடைப்பு. மாடி ஹாலின் ஜன்னல்களில் பழுப்புத் தாள் ஒட்டிவிடுவார்கள். செல்போன்களை வாங்கி இரும்பு பீரோவில் பூட்டி அரக்கு வைப்பார்கள். சாப்பாடு இரும்புக் கதவில் உள்ள ஒரு சின்னத் திறப்பு வழியாக வரும். சாவி தேர்வு அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரியிடம் இருக்கும். அவர் வடக்கே ஏதோ ஊர்க்காரர், சின்ன வயது, யாரிடமும் அதிகம் பேசமாட்டார்.

அச்சாகி வரும் தாள்களை எண்ணிக் கட்டுப் போட பன்னிரண்டு பெண்கள். இந்த வேலைக்கு எழுத்துத் தெரியாதவர்களாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். கேள்வி வெளியே போகக்கூடாதல்லவா? என்ன தாளை எண்ணுகிறார்கள் என்பதைக்கூட அவர்களிடம் சொல்லும் வழக்கம் இல்லை. கவர்மெண்டு பேப்பர் என்று மட்டும் சொல்வோம். உள்ளே போகும் நாளில் ஆளுக்கொரு படிவம் உண்டு: அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர் பெயர், வயது, ஊர், வேலை. அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், அவர்கள் கைநாட்டு வைப்பார்கள். நான் ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை, ஆனாலும் அவர்களுக்கு நான் டீச்சரம்மா.

கடைசியாக வந்தவள் சோலையம்மாள். ஐம்பதைத் தாண்டியவள், கணவன் இல்லை. நல்ல குரல். எண்ணும்போது பன்னிரண்டு பேரும் வாய்விட்டு எண்ணுவார்கள், அதில் அவள் குரல்தான் முன்னால் போகும். நம் பக்கத்தில் ஒன்று என்று தொடங்க மாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று இருபத்தைந்துக்கு ஒரு கட்டு. நாள் முழுவதும் அந்த ஹாலில் வேறு சத்தம் கிடையாது.

உள்ளே போன அன்று மதியமே நான் அந்தப் பிழையைச் செய்தேன். கையெழுத்துப் பிரதியில் ஒரு கேள்வி: வெடி விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு நிவாரணம் கோரி மாவட்ட ஆட்சியருக்குக் குறிப்பு வரைய வேண்டும். இறந்தவரின் பெயர், வயது, ஊர் இருக்க வேண்டிய இடங்களில் வெறும் புள்ளிகள் போட்டிருந்தார்கள். முன்பொருமுறை இப்படிப் புள்ளியோடு அச்சாகி, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறார்கள் என்று நினைத்து, தேர்வு எழுதியவர்கள் ஆளாளுக்கு ஏதோ எழுதிவைத்து, நமக்குத் திட்டு விழுந்திருந்தது. இந்தத் தடவை நான் புத்திசாலியானேன். அதிகாரியிடம் கேட்டிருக்கலாம், பக்கத்து அறைதான். கேட்காமல் பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதி, டைப் அடிக்கிறவரிடம் கொடுத்தேன். யோசித்து எழுதவில்லை, பேனா போன போக்கில் வந்தது. யாரும் முழு வினாத்தாளையும் படிக்கக்கூடாது என்பதற்காக மெய்ப்பை இரண்டு பேருக்குப் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். அந்தப் பாதி என்னுடையது. நான் எழுதியதை நானே சரிபார்த்தால் பிழை எப்படித் தெரியும்? டிக் போட்டு அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். தூரத்தில் ஒரு சத்தம். காதில் விழுந்தது என்பதைவிட உள்ளங்காலில் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். ட்யூப்லைட் ஒருமுறை நடுங்கியது. உங்களில் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு, பட்டாசு ஆலை வெடிக்கிற சத்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு பேரும் எண்ணுவதை நிறுத்தினார்கள்.

“எங்கன?” என்றாள் ஒருத்தி.

“மேக்கயா, கெழக்கயா? ஒண்ணும் வெளங்கலயே” என்றாள் பேச்சியம்மாள்.

வெளியே என்றால் நூறு போன் பறந்திருக்கும். உள்ளே கேட்பதற்கு யாரும் இல்லை. விட்ட இடத்திலிருந்து மறுபடி எண்ணினார்கள். அந்தக் கட்டில் எத்தனை விட்டார்கள் என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது, திரும்ப எண்ணச் சொன்னேன். அப்படிப்பட்டவள்தான் நான்.

மதியத்துக்கு மேல் நான்காம் பக்கம் அச்சாகி, ஈரம் காயாத மையோடு ஹாலுக்கு வந்தது. அரைமணி நேரம் கழித்து சோலையம்மாள் எழுந்து குளியலறைக்குப் போனாள். திரும்பி வரும்போது தலையோடு நனைந்திருந்தாள். கட்டிய சேலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். முடியிலிருந்து சொட்டச் சொட்ட வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, தாளை எடுத்தாள். என்னம்மா இது, தாள் நனையுது என்று சத்தம் போட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் வேறு பக்கம் போய்விட்டேன்.

மறுநாள் காலை அவள் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தது, ஆனால் ஏதோ மாறியிருந்தது. நடந்துகொண்டே காது கொடுத்துக் கேட்டேன். பதினொரு குரல் லாபம் என்று தொடங்க, ஒரு குரல் ஒண்ணு என்று தொடங்கியது. கட்டுக்குக் கட்டு ஒண்ணு. சாவு விழுந்த கேத வீட்டில்தான் அப்படி எண்ணுவார்கள்.

பேச்சியம்மாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். “டீச்சரம்மா, அது சோல இல்ல. வேற என்னமோ வந்து ஒக்காந்திருக்கு. பக்கத்துல இருக்க பயமா இருக்கு, எடத்த மாத்தி விடுங்க.”

“சும்மா இருங்க, காய்ச்சலா இருக்கும்” என்றேன். சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை.

அவள் கட்டி வைத்திருந்த கட்டுகளைப் போய்ப் பார்த்தேன். எண்ணிக்கை சரி, முடிச்சு சரி. ஆனால் நேற்று மதியத்துக்குப் பிறகு கட்டியவை அத்தனையும் கவிழ்ந்திருந்தன. மற்றவர்கள் எழுத்து மேலே தெரியக் கட்டியிருக்க, அவளுடையது மட்டும் வெள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாகச் சுவரோரம் இருந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். நான்காம் பக்கம்.

‘எம். புதுப்பட்டி பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடி விபத்தில் மரணமடைந்த திருமதி மாரீஸ்வரி (வயது 26), க/பெ முத்துப்பாண்டி என்பாரின் குடும்பத்திற்கு நிவாரணம் வழங்கக் கோரி...’

படிக்கும்போதே எங்கேயோ கேட்ட பெயராகப் பட்டது. மேசைக்குப் போய் படிவங்களை எடுத்தேன். கடைசிப் படிவம். மகள் மாரீஸ்வரி, வயது 26, மருமகன் முத்துப்பாண்டி, எம். புதுப்பட்டி, அங்குள்ள ஒரு பட்டாசு ஆலையின் பெயர். என் கையெழுத்து. ஊர் அதுதான், வயதுகூட அதுதான். நானாகச் சேர்த்தது அவள் இறந்துவிட்டாள் என்பதை மட்டும்தான்.

சோலையம்மாளிடம் போய் உட்கார்ந்தேன். அவளே குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கேன் டீச்சரம்மா. படிச்சவுகள எடுக்க மாட்டாகன்னு சொன்னாக, கைநாட்டு வச்சேன். பட்டாசு மருந்து வேலைக்குத் திரும்பப் போக வேண்டாம்னு பாத்தேன். அது தப்புத்தான்.”

“சோலை...”

“நேத்துக் காலைல சத்தம் கேட்டுச்சு. மத்தியானம் கவர்மெண்டு பேப்பர்ல அவ பேரு வந்திருச்சு. நீங்களும் தெரிஞ்சுக்கிட்டுத்தான இருந்தீக? ஒரு வார்த்த சொல்லலியே. போகட்டும். எம் மவள எடுத்துட்டாகளா, இன்னும் வச்சிருக்காகளா? அத மட்டும் சொல்லுங்க.”

அது பரீட்சைத் தாள், அந்தப் பெயர் நான் போட்டது என்று அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. நானும் முழு மனதோடு சொல்லவில்லை. அந்தச் சத்தம் நிஜம். அது எங்கே என்று எனக்குத் தெரியாது. என் பேனா கிறுக்கியது மூன்றாம் நாளே பலித்திருந்தால்? பகல் வெளிச்சத்தில் யோசித்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் அந்த ஹாலுக்குள் பகல் வெளிச்சம் வருவதில்லை.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அப்போது மதியம் பன்னிரண்டு. நான் அதிகாரியிடம் போனது மூன்று மணிக்கு. நடுவில் மூன்று மணி நேரம் நான் என் வேலையைப் பற்றி யோசித்தேன். பிரதியில் இல்லாததை வினாத்தாளில் சேர்த்தவள் என்று தெரிந்தால் என்னாகும்? இரண்டே நாளில் கதவு திறந்துவிடும், அவளே வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வாளே? இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன். நான் கெட்டவள் இல்லை, பயந்தவள். பயந்தவர்கள் செய்யும் கெடுதல் சத்தமில்லாமல் நடக்கும்.

மூன்று மணிக்கு, தாள் ஒட்டிய ஜன்னலுக்குக் கீழே சோலையம்மாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். ஒரு டம்ளர் தண்ணீர், இலைத் துண்டில் ஒரு பிடி சோறு. சுவரைப் பார்த்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். “வர முடியலடீ தாயி. பூட்டி வச்சிருக்காக. கோவிச்சுக்கிடாத.”

அங்கிருந்து நேராக அதிகாரியின் அறைக்குப் போனேன்.

“சார், நாலாம் பக்கத்துல பிரதியில இல்லாத ஒரு பேரு அச்சாகியிருக்கு. போட்டது நான்.”

“ஒரு பேர்தானேம்மா. திருத்தச் சீட்டு ஒட்டிக்கலாம்.”

“உசுரோட இருக்குற பிள்ளை சார். நம்ம ஹால்ல எண்ணுற சோலையம்மா மக. செத்துப்போச்சுன்னு போட்டிருக்கேன்.”

“அவங்களுக்குப் படிக்கத் தெரியாதில்ல? அப்புறம் என்ன?”

அவள் படிக்கத் தெரிந்தவள் என்பதை நான் சொல்லவில்லை. “எனக்குத் தெரியும்ல சார்” என்றேன். “நேத்து சத்தம் கேட்டுச்சு. அந்தப் பிள்ளை இப்ப இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.”

போன் இருந்தது அவர் அறையில் மட்டும்தான்; என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு நிமிடத்தில் திறந்தார். “விசாரிச்சிட்டேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லையாம். போய்ச் சொல்லுங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். ஹால் வாசல் வரை போனேன். அங்கே போய்த்தான் உறைத்தது. திரும்பி வந்தேன்.

“சார், அது எந்தக் கம்பெனில வேலை பாக்குதுன்னு நான் உங்ககிட்டச் சொல்லவே இல்லையே.”

அவர் முகம் சிவந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை, அவரும் பயந்தவர்தான். அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டு போய் நான் அவளிடம் சொல்லியிருக்கலாம், அவள் இரண்டு நாள் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் முதல் நாள் சரிபார்க்காமல் ஒரு சாவைக் கொடுத்தவள், இன்று சரிபார்க்காமல் ஒரு உயிரைக் கொடுக்கக் கூடாது என்று பட்டது. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். பிள்ளை நேரில் வந்து அம்மாவிடம் பேச வேண்டும், இல்லையென்றால் என் பிழையை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டு கேட்டில் நிற்கும் போலீஸ்காரரிடம் கொடுப்பேன் என்றேன். அப்படிப் பேசினது நான்தானா என்று இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. அதிகாரி கம்பெனி பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, போலீஸ்காரரை பைக்கில் அனுப்பினார்.

ஐந்து மணிக்கு முன்னதாகவே இரும்புக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அதிகாரி கதவைத் திறக்கவில்லை, சாப்பாடு வரும் திறப்பின் தகட்டை மட்டும் தூக்கினார். அதன் வழியாக ஒரு கை உள்ளே வந்தது. மணிக்கட்டு வரை வெள்ளிச் சாம்பல் நிறம், மருந்துப் பொடி. கை மட்டும். ஹாலில் யாரோ வீறிட்டார்கள்.

சோலையம்மாள் கிட்டப் போகவில்லை. “இப்பிடித்தான். பொணத்த அடையாளம் பாக்க, கையத்தான் மொதல்ல காட்டுவாக” என்றாள்.

அவளைப் பிடித்துக் கூட்டிப் போய், அவள் கையை எடுத்து அந்தக் கையின் மேல் வைத்தேன். விரல்களால் அதை அழுத்திப் பார்த்தாள்.

“சுடுது” என்றாள். “டீச்சரம்மா, கை சுடுது.”

“என்னம்மா ஆச்சு ஒனக்கு?” கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூச்சிரைக்க ஒரு குரல். “போலீஸ் வந்து கூப்பிட்டாக, ஒனக்குத்தான் என்னமோன்னு அப்பிடியே ஓடியாரேன். ஏம்மா அழுவுற?”

“சத்தம்... நேத்து சத்தம்...”

“அது எங்க கம்பெனி இல்லம்மா. கெழக்க. ரெண்டு பேருன்னு சொல்லுதாக. யாரு என்னன்னு இன்னும் அடையாளம் தெரியலயாம்.”

சோலையம்மாள் அந்தக் கையில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். முடிந்தது என்று நினைத்தேன். திரும்பினால், மதியம் சோலையம்மாள் என்னிடம் சொன்னதை ஒட்டுக்கேட்டிருந்த பதினொரு பெண்களும் எழுந்து நின்றார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு தாள்.

“எம் மவன் பேரு இதுல இருக்கா பாருங்க” என்றாள் பேச்சியம்மாள்.

“யாரு பேரும் இல்ல. அது ஒண்ணுதான். அதுவும் தெரியாம வந்தது.”

“தெரியாம எப்பிடி வரும்? எல்லாரு வீட்டுப் பேரையும் நீங்கதான எழுதி வாங்கினீக?”

வாசித்தே காட்டுகிறேன் என்று தாளை வாங்கினேன். ரகசிய வினாத்தாளை ஹாலில் சத்தமாக வாசிப்பதா என்று அதிகாரி ஒரு அடி முன்னால் வந்தார், அப்புறம் நின்றுவிட்டார். நான் முதல் வரியைத் தொடங்குவதற்குள் பேச்சியம்மாள் என் கையிலிருந்து தாளை எடுத்துக்கொண்டாள்.

“நீங்க வாசிச்சா நாங்க எப்பிடி நம்ப? சோலைக்குத்தான் எழுத்து தெரியுதே. ஏ சோல, நீ வாசி.”

இனி இந்த வேலை தனக்கு இல்லை என்பது அந்த நிமிடமே சோலையம்மாளுக்குத் தெரியும். அதிகாரியை ஒருமுறை பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. மகளின் கையை விட்டுவிட்டு வந்து நடுவில் உட்கார்ந்தாள். பதினொரு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் பக்கத்திலிருந்து, விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி, கேள்வி கேள்வியாக அவள் வாசித்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான்காம் பக்கத்தில் மகளின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தவில்லை. அதையும் உரக்க வாசித்துவிட்டு, அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள்.